இரண்டு புள்ளி

பெனின் நகரில் நான்கு நாளாய் மின்சாரம் இல்லை.
அடுத்த அறைக்காரி கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன ஜெனரேட்டருக்கு
‘அண்டைவீட்டானை முந்தினேன்’ என்று இங்கே பட்டப்பெயர்.
அதன் இரைச்சலில், போன் வெளிச்சத்தில்,
பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து
அதன் முதுகில் கணக்குப் போடுகிறோம்
நானும் இவியேயும்.

எழுதிக்கொள் ஒசாருகே, என்கிறாள்.
முடித்த அலகு நூற்றிருபது.
சேர்த்த புள்ளி நானூற்று மூன்று.
வகுத்தால்
மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே.
கொஞ்சம்தான்.
ஆனால் வேலை விளம்பரங்கள் எல்லாம்
அந்த அரையில்தான் கதவு வைத்திருக்கின்றன.
பெரும்புள்ளி யாரையும் எங்களுக்குத் தெரியாது.
சிறுபுள்ளிகளைத்தான் நம்பியாக வேண்டும்.

இது என்ன, என்று விரல் வைக்கிறாள்.
இரண்டாம் ஆண்டு, இயற்பிய வேதியியல், மூன்று அலகு.
முட்டை.
மறுபடி எழுதித் தேறிவிட்டேன், தெரியும் அவளுக்கு.
தேறியது மேலே சேர்ந்தது;
முட்டையோ கீழே,
வகுக்கும் எண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.
எத்தனை வருடம் அடைகாத்தாலும்
ஒன்றும் பொரியாது.

அப்போது வீட்டில் யாரும் சாகவில்லை.
எனக்கு மலேரியா இல்லை.
காலை எட்டு மணி வகுப்பு,
தகரக் கூரையில் மழை,
போகவில்லை.
பிறகு மழை இல்லாத நாளிலும் போகவில்லை.
இவியே இதை நம்புவதில்லை.
ஏதோ பெரிய துக்கம் இருந்திருக்கும் என்று
மரியாதையாகப் பேச்சை மாற்றுகிறாள்.
அந்த மரியாதை எனக்கு முட்டையை விடக் கனம்.

மீதம் முப்பது அலகு.
வேண்டியது நூற்றிருபத்திரண்டு புள்ளி.
எல்லாவற்றிலும் பி வாங்கினால்
நூற்றிருபது.
திரும்பக் கூட்டினாள்.
நூற்றிருபது.

ஆய்வேட்டில் ஏ வராதா?
டாக்டர் ஐகோபாஹி ஏ போட்டதை
பேனா கூடப் பார்த்திருக்காது.
ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று போய்விட்டால்?
அதற்கு அட்டையில் இடமில்லை.

பட்டியலின் அடியில் ஒன்று கிடந்தது.
போன வருடமே முடித்திருக்க வேண்டியது,
எல்லோரும் பின்வரிசையில் தூங்குவது:
தொழில்முனைவு, செய்முறையோடு, இரண்டு அலகு.
அதில் மட்டும் பி-க்குப் பதில் ஏ.
இரண்டு புள்ளி.
ஐந்நூற்றிருபத்தைந்தை நூற்றைம்பதால் வகு.
மூன்றரை. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
என்ன செய்முறை?
திரவ சோப்பு.

நான்கு வருடம் வேதியியல் படித்தவள்
பாத்திரம் கழுவும் சோப்பால் கரையேறப் போகிறாள்!
சிரித்துச் சிரித்து இவியேவுக்கு விக்கல்.
ஜெனரேட்டரும் அப்போது பார்த்து நின்றது.
இருட்டில் கேட்டேன்:
உன் கணக்கை எங்கே போட்டாய்?
அட்டை தீர்ந்துவிட்டது, என்றாள்.
திருப்பினால் இன்னொரு பக்கம் இருந்தது.
பிஸ்கட் படம்தான் அதில்,
எழுத முடியாதது அல்ல.
என்னுடையது வகுக்காமலே தெரியும், ஒசாருகே.
இவ்வளவு நாளும்
நான் கேட்டதே இல்லை.

இப்போது விடுதிப் பின்கட்டில்
நீல வாளி, பிளந்த மூங்கில் கட்டை.
தொழில்முனைவு அம்மா சொன்ன விதி ஒன்றுதான்:
கை மாறலாம், திசை மாறக் கூடாது.
மாறினால் கெட்டிப்படாதாம்.
ஏன் என்று கேட்டேன்.
வேதியியல்காரி நீதானே, சொல், என்றார்.
தெரியவில்லை.

நூற்று நாற்பது சுற்று. இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது.
சஹாராப் புழுதி சுமந்த காற்று
நுரைமேல் மெல்லிய பழுப்பு பூசுகிறது.
தோள் கழன்று வருகிறது.
இவியே செருப்பை உதறிவிட்டு
எதிரே குந்தினாள்.
நான் நிறுத்துவதற்குள் கட்டையைப் பிடித்தாள்,
சுழற்சி அறுபடவில்லை.

நூற்று நாற்பத்தொன்று, என்றேன்.
சத்தமாக எண்ணு, என்றாள்.